மோட்டார்ஹோம் கூரை ஏசி மாற்றுவது எப்படி: ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

நான் ஏசி மெக்கானிக் இல்லை. டாலஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன். எங்களிடம் 28 அடி நீளத்தில் பழைய 'கிளாஸ் சி' மோட்டார்ஹோம் (வேன் முகப்புக்குப் பின்னால் வீடு கட்டிய வண்டி) ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து 30 ஆம்ப் கரண்ட் வாங்கும் வண்டி, கூரையில் ஒரே ஒரு ஏசி. அது போன வருடம் ஜூலை மாதம், வெளியே 104 டிகிரி ஃபாரன்ஹீட் கொதிக்கும்போது படுத்துவிட்டது.

ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை ஐந்து வாரம் இழுத்தது. தப்பான ஏசியை வாங்கித் திருப்பி அனுப்பிய வகையில் மட்டும் 325 டாலர் தண்டம். கூரை மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் ஏசி என்று நினைத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அது பாதி ஏசி. உட்கூரையில் இருக்கும் காற்றுப் பெட்டி, சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட், வண்டிக்குள் வரும் கரண்ட் மூன்றும் சேர்ந்ததுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியைப் பார்க்காமல் ஆர்டர் போட்டேன். நீங்கள் போடாதீர்கள்.

கீழே உள்ளவை அமெரிக்க வண்டிகளுக்கானவை. விலைகள் நான் கொடுத்ததும் எனக்குச் சொல்லப்பட்டதும். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. முதலில், ஏசி நிஜமாகவே செத்துவிட்டதா?

"குளிரவே இல்லை" என்பதும் "ஏசி போய்விட்டது" என்பதும் ஒன்றல்ல. புதிது வாங்கக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சமையலறையில் வைத்திருக்கும் குத்துத் தெர்மாமீட்டர் போதும். ஏசி 20 நிமிடம் ஓடிய பிறகு, காற்றை உள்ளிழுக்கும் கிரில் பக்கத்தில் ஒரு முறை, குளிர்காற்று வரும் மிக அருகிலுள்ள துவாரத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. பிரச்சினை வண்டியின் வெப்பக் காப்பில் இருக்கிறது. நேராக 8-ஆம் பகுதிக்குப் போங்கள். "ஆர்.வி. (மோட்டார்ஹோம் மாதிரி வண்டி) ஏசி வெளியே இருப்பதைவிட 20 டிகிரிதான் குறைக்கும்" என்று ஒரு பேச்சு எல்லாப் பக்கமும் உலவுகிறது. அது தப்பு. அந்த 20 டிகிரி, ஏசிக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். வெயிலுக்கும் உங்கள் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் அல்ல.

வித்தியாசம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

வோல்ட்டேஜ். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் இருக்கும் பிளக்கில் அளக்க வேண்டும், நிறுத்தி வைத்து அளந்தால் பயனில்லை. நான் வீட்டு கராஜிலிருந்து ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். கராஜ் பிளக்கில் 120 வோல்ட். வண்டிக்குள் கம்ப்ரஸர் ஓடும்போது 102. இரண்டு கோடைகாலம் இப்படி ஓட்டியிருக்கிறேன். கம்ப்ரஸரைக் கொன்றது வேறு யாருமில்லை. 105-க்குக் கீழே போனால் உடனே நிறுத்துங்கள். முகாமிடங்களிலும் மத்தியான வேளையில் எல்லா வண்டியும் ஏசி போட்டதும் வோல்ட்டேஜ் இறங்கும். தாழ்ந்தால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டிகள் இருக்கின்றன; ப்ரோக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் ஈ.எம்.எஸ். 104 வோல்ட்டில் துண்டிக்கும். வெறும் சர்ஜ் ப்ரொடெக்டர் அந்த வேலையைச் செய்யாது.

கெபாசிட்டர், அதாவது கம்ப்ரஸர் கிளம்ப உதை கொடுக்கும் சின்ன மின் உருளை. மேலே 'ம்ம்ம்' என்று முனகல் கேட்கிறது, கம்ப்ரஸர் கிளம்பவில்லை, சில நொடியில் பிரேக்கர் விழுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். விலை 15 முதல் 40 டாலர். தலை உப்பியிருந்தால் பார்த்தாலே தெரியும். கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். வீட்டுக்கு வரும் டெக்னீஷியனுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

காயில். உள்ளே இருக்கும் காயிலில் நாய் முடியும் தூசியும் கம்பளிப் போர்வை மாதிரி படிந்திருக்கும். பழைய வண்டி என்றால் நிச்சயம் இருக்கும்.

கடைசியாக, யாரும் பார்க்காத இடம். உட்கூரையில் கிரில்லைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று உள்ளே போகும் வழிக்கும் வெளியே வரும் வழிக்கும் நடுவில் மெல்லிய தடுப்பு ஒன்று இருக்கும். எங்கள் வண்டியில் அந்தத் தடுப்பின் ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அந்த இடத்தில் கையை வைத்தால் ஐஸ் மாதிரி காற்று. குளிர்ந்த காற்று அறைக்கு வராமல் சந்து வழியே திரும்ப ஏசிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பல வண்டிகள் இப்படித்தான் வருகின்றன. 12 டாலருக்கு அலுமினிய ஃபாயில் டேப் ஒரு சுருள் வாங்கி ஒட்டினால் போதும். வெள்ளித் துணி டேப் வேண்டாம், வெப்பத்தில் பசை விட்டுவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கம்ப்ரஸர் கிளம்பவில்லை, அல்லது கிளம்பியும் குளிரவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். இந்த ஏசிகளில் குளிரூட்டும் கேஸ் நிரப்ப வழி வைத்திருக்க மாட்டார்கள். மூடி முத்திரையிட்ட அமைப்பு. "கேஸ் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் விலை கேட்காமலே நன்றி சொல்லி அனுப்புங்கள்.

2. ஆர்டருக்கு முன் எடுக்க வேண்டிய படங்கள்

என் 325 டாலர் போன இடம் இது. போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போய்ப் படம் எடுத்துவிடுங்கள்:

பழைய ஏசியின் மாடல் எண் தகடு. உட்கூரை கிரில்லைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளேயே தெரியும். இல்லையென்றால் கூரையில் மூடியைக் கழற்ற வேண்டும்.

டக்ட் (உட்கூரைக்குள் ஓடும் காற்றுக் குழாய்) உண்டா இல்லையா. வண்டி முழுக்க உட்கூரையில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருந்தால் டக்ட் வண்டி. ஏசிக்கு நேர் கீழே மட்டும் காற்று வந்தால் டக்ட் இல்லாதது. இரண்டுக்கும் உட்கூரைப் பெட்டி வேறு. கூரைப் பெட்டியை வாங்கினால் உட்கூரைப் பெட்டி கூடவே வரும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் தனி விலை.

கூரை ஓட்டை. அமெரிக்க வண்டிகளில் 14க்கு 14 அங்குலம் என்பது கிட்டத்தட்டப் பொது அளவு. கூரை மின்விசிறிக்கும் இதே அளவுதான். இருந்தாலும் டேப் வைத்து அளந்து ஒரு படம். கூரையின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள்; போல்ட் நீளம் அதைப் பொறுத்தது.

கூரையில் சுற்றிலும் என்ன இருக்கிறது: சோலார் பேனல், ஆன்டெனா, மின்விசிறி மூடி. புதிய பெட்டி நீளமாக இருந்தால் இடிக்கும். வண்டியின் மொத்த உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி அளந்து, ஓட்டுநர் இருக்கை முன்னால் சீட்டு ஒட்டுங்கள். தாழ்ந்த பாலம் உங்கள் ஞாபகத்தை நம்பிக் கட்டப்படவில்லை.

இனி, முக்கியமான படம்: தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம்.

மூன்று வகை உண்டு. ஒன்று, ஏசியின் கிரில்லிலேயே திருகும் குமிழ் இருப்பது, மாற்றுவது சுலபம். இரண்டாவது, சுவரில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் தெர்மோஸ்டாட், பின்னால் ஐந்தாறு வண்ண வயர்கள். மூன்றாவது, டெலிபோன் வயர் மாதிரி ஒரே கேபிளில் ஏசியோடு 'பேசும்' டிஜிட்டல் வகை. மூன்றாவது வகை தன் கம்பெனி ஏசியின் கன்ட்ரோல் போர்டோடு மட்டும்தான் பேசும். டொமெட்டிக் கம்பெனியின் சுவர் தெர்மோஸ்டாட் கோல்மேன்-மாக் கம்பெனி ஏசியோடு பேசாது. அதே கம்பெனியிலேயே பழைய தலைமுறை தெர்மோஸ்டாட் புதிய போர்டோடு ஒத்துப்போகாமல் இருக்கும். எனக்கு வந்த முதல் ஏசி அழகாகக் கூரையில் பொருந்தியிருக்கும். கீழே அதை இயக்க ஆளில்லை.

இன்னொரு கண்ணி இருக்கிறது, அது கோடையில் தெரியாது. பல வண்டிகளில் அதே தெர்மோஸ்டாட்தான் கேஸ் ஹீட்டரையும் இயக்கும். ஹீட்டருக்குப் போகும் இரண்டு வயர்கள் ஏசியின் கன்ட்ரோல் பெட்டி வழியாகப் போகும். பழைய பெட்டியைக் கழற்றும்போது அந்த இரண்டு வயரையும் "இது எதற்கோ" என்று சுற்றி டேப் போட்டு வைத்தேன். நவம்பரில் பாலோ டியூரோ பள்ளத்தாக்கில், ராத்திரி 34 டிகிரி ஃபாரன்ஹீட்டில், பிள்ளைகள் இரண்டும் பல் கிடுகிடுக்க எங்கள் போர்வைக்குள் வந்து படுத்துக்கொண்ட பிறகுதான் அது எதற்கென்று தெரிந்தது. ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் எழுதி, படம் எடுங்கள். மாற்றி முடித்ததும் ஆகஸ்ட் மாதமாக இருந்தாலும் ஹீட்டரை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

3. எத்தனை பிடியு?

பிடியு என்பது ஏசியின் குளிரூட்டும் திறனின் அளவு. சந்தையில் இரண்டு அளவுதான் பெரும்பாலும் கிடைக்கும்: 13,500, 15,000. எல்லோருக்கும் பெரியதை வாங்க ஆசை. 50 ஆம்ப் வண்டி என்றால் தாராளமாக வாங்குங்கள். 30 ஆம்ப் வண்டி என்றால் கணக்குப் போடுங்கள்.

30 ஆம்ப் என்பது 120 வோல்ட்டில் 3,600 வாட். மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்க 24 ஆம்ப்தான் பத்திரம். 15,000 பிடியு ஏசி கடும் வெயிலில் 15, 16 ஆம்ப் தின்னும். கரண்டில் ஓடும் தண்ணீர் ஹீட்டர் 12 ஆம்ப். மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அவ்வளவே. பேட்டரி சார்ஜர் ஐந்தோ ஆறோ. ஏசி ஓடும்போது தண்ணீர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்ற வேண்டும், சாம்பார் சூடு பண்ண ஏசியை நிறுத்த வேண்டும். 13,500 என்றால் 12, 13 ஆம்ப்போடு போகும். 28 அடி வண்டிக்கு நான் 13,500-தான் போட்டேன். டேப் ஒட்டி, கண்ணாடிகளை மூடிய பிறகு அது போதுமாக இருக்கிறது.

'ஹீட் பம்ப்' வசதியோடு, அதாவது குளிர்காலத்தில் அதே ஏசியே சூடு தரும்படி வருவதும் உண்டு. வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அதனால் பிரயோஜனம் குறைவு. கேஸ் ஹீட்டர் இருக்கும் வண்டிக்கு அது ஒரு சௌகரியம், அவசியம் இல்லை.

4. செலவு

என் இரண்டாவது, சரியான ஆர்டர்: கூரைப் பெட்டி 1,050 டாலர். உட்கூரைப் பெட்டி 220. தெர்மோஸ்டாட்டும் கன்ட்ரோல் போர்டும் 130. சாஃப்ட் ஸ்டார்ட்டர் (என்னவென்று 7-ஆம் பகுதியில்) 300. டேப், வயர் இணைப்பான், சில்லறை 25. மொத்தம் 1,725, எங்கள் ஊரில் 8.25 சதவீத விற்பனை வரி சேர்ந்து 1,867.

கடையில் எல்லாம் சேர்த்துக் கேட்டது 2,900. வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் வரும் கூலி 120, பிறகு மணிக்கு 160. நானும் நண்பரும் பெட்டியை ஏற்றி இறக்கினோம். வயர் வேலைக்கு மட்டும் அவரைக் கூப்பிட்டேன், ஒன்றரை மணி நேரம், 360 டாலர். இந்தப் பாதிக்குப் பாதி முறையைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். ஆனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வாங்கி வைத்த ஏசியைத் தொட மாட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டாலும் வேலைக்கு உத்தரவாதம் தர மாட்டார்கள்.

5. காகிதங்கள்

'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று வண்டி வாங்கும்போது தலையில் கட்டிய ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு திருகைக்கூடக் கழற்றும் முன் அவர்களுக்குப் போன் செய்து அனுமதி எண் வாங்க வேண்டும். முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பில் அனுப்பினால் கிடைக்காது.

இன்ஷூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது. ஆனால் ஆலங்கட்டி மழையில் ஏசியின் மூடி நொறுங்கி, காயில் நசுங்கியிருந்தால் 'காம்ப்ரிஹென்சிவ்' (மோதல் அல்லாத சேதங்களுக்கான) பிரிவில் கேட்கலாம். டெக்சாஸில் இது அடிக்கடி நடப்பது. பழைய பெட்டியை இறக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். இறக்கிய பிறகு கேட்டால் சாட்சி கிடையாது.

லாரியில் வரும் பெட்டி. ஓட்டுநர் அவசரப்படுத்துவார், கையெழுத்துப் போடச் சொல்வார். அட்டைப் பெட்டியில் சின்னக் கிழிசல் இருந்தாலும் திறந்து பார்த்துவிட்டு, சேதம் இருந்தால் அந்த ரசீதிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று போட்ட பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. ஆர்டர் போடும்போதே லாரியில் லிஃப்ட்கேட் (பெட்டியைத் தரைக்கு இறக்கும் பின்பலகை) உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் 100 பவுண்ட் பெட்டி லாரியின் உயரத்தில் நிற்கும், நீங்கள் தரையில் நிற்பீர்கள்.

சீரியல் எண்ணைக் கூரைக்கு ஏற்றும் முன் படம் எடுத்துக் கம்பெனி தளத்தில் பதிவு செய்யுங்கள். எனக்கு 2 வருட வாரண்டி. வாங்கிய ரசீதின் தேதியிலிருந்துதான் கணக்கு, ஓடத் தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று டிசம்பரில் வாங்கி மே வரை கராஜில் வைத்தால் ஐந்து மாதம் போச்சு.

கடைசிக் காகிதம் உங்கள் குடியிருப்புச் சங்கத்தினுடையது. எங்கள் தெருவில் மோட்டார்ஹோமை 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது. தப்பான ஏசி வந்த வாரம் வண்டி கூரையில் ஓட்டையோடு 11 நாள் நின்றது. மேலே தார்ப்பாய், கதவில் எச்சரிக்கைக் கடிதம். பழையதைக் கழற்றுவது, புதியது கையில் வந்து திறந்து பார்த்த பிறகு மட்டும்.

6. மாற்றும் நாள்

விடிகாலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் டெக்சாஸ் கூரையில் முட்டி போட முடியாது.

கரண்ட் நான்கு வழியில் வரும்: வெளி வயர், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், பேட்டரி. நான்கையும் நிறுத்துங்கள். வெளி வயரைப் பிடுங்கினால் ஆயிற்று என்று நினைக்கும்போது தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர் உள்ள வண்டிகளும் உண்டு.

உள்ளே கிரில், காற்றுப் பெட்டி, வயர்கள் எல்லாவற்றையும் கழற்றினால் நான்கு நீள போல்ட்கள் தெரியும். ஏசியைப் பிடித்திருப்பவை அந்த நான்கு மட்டும்தான். அவற்றையும் எடுத்துவிட்டு மேலே போய், ஒரு பக்கம் நெம்பினால் பழைய கேஸ்கெட் (ஓட்டையைச் சுற்றி நீரைத் தடுக்கும் மெத்தை வளையம்) 'பர்ர்' என்று பிரிந்து வரும். கூரையில் நேரடியாகக் கால் வைக்காமல் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

பெட்டி 75 முதல் 100 பவுண்ட் வரை இருக்கும். நான் தோளில் வைத்து ஏறலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நண்பர் மதுரைக்காரர். கீழே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மாப்ள, கிறுக்கா? ஊர்ல மாடிக்குச் சின்டெக்ஸ் டேங்க் எப்படி ஏத்துவாங்க? ஏணிய சாச்சு வையி, கயித்தக் கட்டு, மேல ஒருத்தன் இழு, கீழ ஒருத்தன் தள்ளு" என்றார். அப்படியேதான் ஏற்றினோம். நீள ஏணியை நன்றாகச் சாய்த்து வைத்து, அட்டைப் பெட்டியோடு சறுக்கியபடி இழுத்தோம். மேலே இருவர், கீழே ஒருவர் என்றால் இன்னும் நல்லது. கீழேயிருந்து தள்ளுபவர் பக்கவாட்டில் நின்று தள்ள வேண்டும், பெட்டிக்கு நேர் கீழே யாரும் நிற்கக்கூடாது. கடைக்காரர்கள் ஃபோர்க்லிஃப்டில் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். முதுகு வலி உள்ளவர்கள் அதற்குக் காசு கொடுங்கள்.

புதியதை வைக்கும் முன் ஓட்டையின் ஓரத்து மரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி பொதபொதவென்று உள்ளே போனால் மரம் உளுத்திருக்கிறது. அதன் மேல் ஏசி வைக்கக்கூடாது, மரத்தைச் சரிசெய்த பிறகுதான். ஓட்டையைச் சுற்றிக் கூரையைச் சுத்தமாகத் துடையுங்கள்.

கேஸ்கெட்டுக்கு அடியில் சிலிக்கானோ வேறு பசையோ போடாதீர்கள். இந்த இடத்தில்தான் கைராசிக்காரர்கள் எல்லாம் தப்பு செய்கிறார்கள். ஆர்.வி. கூரைகளுக்கென்று விற்கும் டைகார் பசை கூரையின் மற்ற விளிம்புகளுக்கு. இங்கே நீரைத் தடுப்பது கேஸ்கெட் நசுங்கும் அழுத்தம் மட்டும்தான். ஏசியை இழுத்து நகர்த்தாமல் தூக்கி நேராக ஓட்டையின் மேல் இறக்குங்கள். இழுத்தால் கேஸ்கெட் பிய்ந்துவிடும், கூரையின் ரப்பரும் கிழியும்.

பிறகு உள்ளே வந்து நான்கு போல்ட்டையும் கார் சக்கரத்துக்குச் செய்வது போல எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமன் கேஸ்கெட் அரை அங்குலத்துக்கு நசுங்க வேண்டும். என் ஏசியின் கையேட்டில் 40 முதல் 50 இன்ச்-பவுண்ட் என்று போட்டிருந்தது. உங்களுடையதில் என்ன என்று பாருங்கள். இன்ச்-பவுண்ட், ஃபுட்-பவுண்ட் அல்ல. கையால் சின்ன ஸ்பேனரில் இறுக்கும் அளவுதான். பலசாலித்தனம் காட்டினால் ஏசியின் அடித்தட்டு வளையும், கேஸ்கெட் செத்துவிடும்.

உட்கூரைப் பெட்டியை மாட்டும்போது, பழையதில் விட்டுப்போன தடுப்புச் சந்துகளை ஃபாயில் டேப்பால் அடைக்க வேண்டிய நேரமும் இதுதான். பத்து நிமிட வேலை. புதிய ஏசிக்குக் கொடுத்த ஆயிரம் டாலரைவிட இந்த டேப் தரும் குளிர் கண்கூடாகத் தெரியும்.

முடிந்ததும் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் ஏசியைச் சுற்றி ஊற்றி, உள்ளே ஒருவரை டார்ச்சோடு பார்க்கச் சொல்லுங்கள். ஏசி ஓடும்போது கூரையில் தண்ணீர் வழிவது இயல்பு, அதன் வடிகால் அப்படித்தான். உள்ளே சொட்டினால்தான் தப்பு.

முதல் பயணத்தில் சில நூறு மைல் ஓடிய பிறகு நான்கு போல்ட்டையும் மறுபடி பாருங்கள். எனக்கு இரண்டு தளர்ந்திருந்தன.

7. சாஃப்ட் ஸ்டார்ட்டர் வேண்டுமா?

கம்ப்ரஸர் கிளம்பும் ஒரு கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல நான்கைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த உதையைத்தான் இந்தச் சின்னப் பெட்டி குறைக்கிறது. மைக்ரோ-ஏர் ஈஸிஸ்டார்ட், சாஃப்ட்ஸ்டார்ட்ஆர்வி இரண்டும் பரவலாகப் புழங்குபவை. ஹோண்டா ஈயூ2200ஐ மாதிரி கைப்பிடி ஜெனரேட்டரின் தொடர் திறன் 1,800 வாட். இந்தப் பெட்டி இருந்தால் அதில் 13,500 பிடியு ஏசி கிளம்பிவிடும். இல்லையென்றால் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும்.

ஆனால் ஓடும்போது தின்னும் ஆம்பை இது ஒரு பொட்டும் குறைக்காது. "இதைப் போட்டால் 15 ஆம்ப் வீட்டு பிளக்கில் ஓட்டலாம்" என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு என் ஆரஞ்சு வயர்க் கதைக்குப் போகாதீர்கள். மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: உயரம் 1,000 அடி கூடக் கூட ஜெனரேட்டரின் பலம் சுமார் 3.5 சதவீதம் குறையும். டாலஸில் ஓடியது கொலராடோவில் 9,000 அடியில் ஓடாது. அங்கே ஏசியும் அவ்வளவாகத் தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

எப்போதும் முகாமிடக் கரண்டில்தான் இருப்பேன் என்பவர்களுக்கு இந்த 300 டாலர் தேவையில்லை.

8. மாற்றாமல் கைகொடுக்கும் வழிகள்

ஏசி நன்றாக இருந்தும் வண்டி போதுமான அளவு குளிரவில்லை என்றால், முதலில் முன்கண்ணாடி. அடுப்புக்குச் சமம் அது. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தடுக்கப்படும். மூடியை வெளிப்பக்கம் போடுங்கள். கிளாஸ் சி வண்டியில் ஓட்டுநர் பகுதிக்கும் வீட்டுப் பகுதிக்கும் நடுவே கனமான திரை ஒன்று. கூரை மின்விசிறித் துவாரங்களுக்கு 14 அங்குலப் பஞ்சு மெத்தைகள் 15, 20 டாலருக்குக் கிடைக்கும், அழுத்தினால் நின்றுகொள்ளும். இந்த மூன்றுக்கும் எனக்கு ஆனது 110 டாலர்.

அடுத்து, சின்ன ஜன்னல் ஏசி. 5,000 பிடியு ஏசி நான்கு, ஐந்து ஆம்ப்தான் தின்னும். முகாமிடத்தின் மின்பெட்டியில் 30 ஆம்ப் பிளக்குக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் 20 ஆம்ப் பிளக் ஒன்று சும்மா இருக்கும். அதிலிருந்து 12 கேஜ் கனமான வயர் போட்டு இதைத் தனியாக ஓட்டினால் வண்டியின் 30 ஆம்ப் தொடப்படாமல் இருக்கும். முகாமிட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஜன்னலில் ஏசி தொங்குவதை அனுமதிப்பதில்லை.

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாங்குகிறீர்கள் என்றால் ஒற்றைக் குழாய் வேண்டாம், இரட்டைக் குழாய் வாங்குங்கள். ஒற்றைக் குழாய் வகை, உள்ளே குளிர்ந்த காற்றையே எடுத்து வெளியே ஊதும். அந்த இடத்தை நிரப்ப எல்லாச் சந்து வழியாகவும் வெயில் காற்று உள்ளே வரும். அட்டைப் பெட்டியில் 14,000 பிடியு என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் எஸ்.ஏ.சி.சி. (நிஜப் பயன்பாட்டில் கிடைக்கும் குளிர்த்திறன்) என்று சின்னதாக 8,000, 10,000 என்று இருக்கும். சின்ன எண்தான் உண்மை எண்.

இரண்டாவது கூரை ஏசி வைக்கலாமா? படுக்கையறை மின்விசிறியைக் கழற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் கம்பெனியே அங்கே வயர் இழுத்து, சட்டம் போட்டு வைத்திருக்கும். அப்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் தனி 20 ஆம்ப் பிரேக்கர், பிரேக்கர் பெட்டியிலிருந்து தனி 12 கேஜ் வயர், எடையைத் தாங்கும் சட்டம் எல்லாம் வேண்டும். 30 ஆம்ப் வண்டியில் இரண்டும் சேர்ந்து ஓடாது. ஒன்று நின்றால் ஒன்று ஓடும்படி பங்கிடும் கருவி வைக்க வேண்டும். இதற்கு மட்டும் கண்டிப்பாகத் தெரிந்த ஆள்.

பேட்டரியில் ஓட்டலாம் என்று கனவு காண்பவர்களுக்கு ஒரே கணக்கு: 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1,280 வாட்-ஹவர். கூரை ஏசி மணிக்குத் தின்பது 1,300 முதல் 1,500. ஒரு பேட்டரிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

9. எப்போது செய்வது?

பிப்ரவரி, மார்ச். அப்போது டெக்னீஷியன் அடுத்த வாரமே வருவார், கடையில் பேரமும் பேசலாம். ஜூலையில் நான் போன் செய்த மூன்று கடைகளில் இரண்டு செப்டம்பரில் தேதி கொடுத்தன. மார்ச் மாதத்தில் ஒரு வெயில் நாளில் ஏசியைப் போட்டு, 1-ஆம் பகுதியில் சொன்ன தெர்மாமீட்டர் சோதனையைச் செய்து, வருடா வருடம் அந்த எண்ணை எழுதி வைத்தால் சாவு வருவது முன்கூட்டியே தெரியும். எனக்கு இந்த மார்ச்சில் 21 டிகிரி.

10. பழைய பெட்டி

குப்பை வண்டி எடுக்காது. அதற்குள் குளிரூட்டும் கேஸ் இருக்கிறது. அதைத் திறந்துவிடுவது மத்திய சட்டப்படி குற்றம். செம்புக் குழாய்க்கு ஆசைப்பட்டு வெட்டாதீர்கள். பழைய இரும்பு வாங்கும் கிடங்குக்கு முன்பே போன் செய்து, கேஸ் எடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முழுசாகக் கொண்டுபோங்கள். சிலர் கையெழுத்துப் படிவம் ஒன்று தருவார்கள். எங்களுக்கு 11 டாலர் கிடைத்தது. நண்பர் அதைத் தன் கூலி என்று வாங்கிக்கொண்டு, போகும் வழியில் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார்.